வலது சக்கரத்து வாடை

சுபானு வருடம், ஆவணி மாதம் 9, புதன்கிழமை.

கோத்தா கோலா மூடாவில் கருவாட்டு வியாபாரம் செய்யும் உயர்திரு முருகையா அவர்கள் சமூகத்துக்கு, குருணுக்குக் கிழக்கே புளியடித் தோட்டத்து இரண்டாவது லயத்திலிருந்து மாட்டு வண்டிக்கார அம்மாசி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் வீட்டுக்காரி செல்லாயியும், மகள் குணவதியும், காளைகள் இரண்டும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். கார் மட்டும் சௌக்கியமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே தாங்களும், வீட்டு அம்மாவும், தம்பி பரஞ்சோதியும் மழை வெயில் படாமல் நன்றாக இருக்க வேண்டும். கருவாட்டுக்கு மட்டும் வெயில் பட வேண்டும்.

எனக்குக் கட்டைவிரல்தான் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சுப்பிரமணியம் வாத்தியார். முதல் வரியில் 'அன்புள்ள சம்பந்தி' என்று போடுங்கள் என்றேன். "அண்ணே, அவங்க தாம்பூலத் தட்டைத் தொடாமத் திருப்பி அனுப்பிட்டாங்க. இப்பப் போய்ச் சம்பந்தின்னு எழுதினா வம்புதான்" என்று சொல்லி, உயர்திரு என்று அவராகவே போட்டுவிட்டார். போகட்டும். எழுத்துத் தெரியாதவனுக்கு ஞாபகம்தான் நோட்டுப் புத்தகம். யார் எந்தக் கிழமை எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பதை ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். வாத்தியாருக்குக் கை வலித்தால் மட்டும் நிறுத்துவேன்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை நான் உங்கள் வாசலுக்கு வந்தபோது என்னைச் சுற்றி அடித்த கள் வாடை என்னுடையது அல்ல. அது என் காரின் வலது சக்கரத்துடையது. இதைத் தாங்கள் நம்பினால் என் மகளுக்குக் கல்யாணம். நம்பாவிட்டால் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரமெல்லாம் சும்மா நிற்கிறது, நாங்கள் மரவள்ளி போட்டுப் பிழைக்கிறோம். நான் இருபத்தாறு வருடம் பால் பீப்பாய் ஏற்றின வண்டியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். காளைகளையும் கேட்டான். அன்றைக்குப் பார்த்து இரண்டுக்கும் கழிச்சல், கிட்டே வந்தவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். ஆகவே காளை இருந்தது, வண்டி இல்லை. இந்த நேரத்தில்தான் குருண் மளிகைக்கடை மீரா சாகிபு உங்கள் வீட்டுச் சம்பந்தத்தைச் சொன்னார். "முருகையா கண்டிப்பான ஆளுண்ணே. ஒழுக்கம் பார்த்துத்தான் பொண்ணு எடுப்பாரு. பையன் தங்கம்" என்றார். பையன் தங்கம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். மாதம் ஒரு தடவை கருவாடு கொண்டுவந்து மரவள்ளிக்கு மாற்றிப் போகிற பிள்ளைதானே. எங்கள் வாசலில் மட்டும் அவன் தராசில் கருவாட்டுத் தட்டு ஒரு விரல் தாழ்ந்து நிற்கும் என்று செல்லாயி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த ஒரு விரலைக் குணவதி அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கடற்கரை வரைக்கும் நடந்து போனால் என்ன மரியாதை என்று செல்லாயி கேட்டாள். குருண் பாசாரில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த பக்கிரிசாமியைத் தாங்கள் அறிய மாட்டீர்கள். அறியாதவரை நல்லது. யாரோ விட்டுவிட்டு ஓடின மோட்டார் காரிலிருந்து எஞ்சினை ஜப்பான்காரன் கழற்றிக்கொண்டு போக, மிச்சக் கூட்டை இவன் இழுத்துவந்து, முன்பாதியை அறுத்துத் தள்ளிவிட்டு, பின்பாதிக்கு நுகத்தடி பூட்டி, 'புதுக் கார்' என்று விற்பனைக்கு நிறுத்தியிருந்தான். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"என்னண்ணே பாக்கிறீங்க? மெத்தையைப் பாருங்க, கூரையைப் பாருங்க. பெட்ரோல் வேணாம், வைக்கோல் போதும். கெடா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கெரேத்தா கிடைக்காது லா" என்றான்.

"பாதி காரைக் காணோமேடா தம்பி?"

"காணாமப்போன பாதியிலதான்ணே எஞ்சின் இருக்கும். எஞ்சின் இருந்தாத்தானே கார் கெட்டுப்போகும்? இது கெடவே கெடாது."

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருப்பதுபோல் பட்டது. நான்கு மூட்டை மரவள்ளியும் இரண்டு ஆடும் கொடுத்து, திங்கட்கிழமை காலையில் காளைகளைப் பூட்டி ஓட்டிவந்தேன். லயத்துப் பிள்ளைகளெல்லாம் பின்னால் ஓடிவந்தார்கள். சக்கரம் இரண்டும் கன்னங்கரேலென்று பளபளத்தன. ரப்பர் மரத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு டயருக்கு வழியில்லாத காலம் அல்லவா? பக்கிரிசாமி பாலை உறையவைத்துத் தகடு தகடாக இழுத்து, இரும்பு வளையத்தின் மேல் சுற்றிச் சுற்றிக் கட்டி, புகை காட்டி, அதைத்தான் டயர் என்று மாட்டியிருந்தான். நான் விரலால் அமுக்கிப் பார்த்தேன். இடது சக்கரம் கல்லாக இருந்தது. வலது சக்கரம் கொஞ்சம் பணியாரம் மாதிரி இருந்தது. புதுசு, ஓட ஓட இறுகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் தலையில் மண் விழ.

வியாழக்கிழமை விடிந்ததும் நானும் செல்லாயியும் கிளம்பினோம். ஒரு மைல் போவதற்குள் தெரிந்தது, இடப்பக்கக் கதவு திறக்கவே திறக்காது, வலப்பக்கக் கதவு மூடவே மூடாது. செல்லாயி அதற்குக் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, மடியில் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏற ஏற வலது சக்கரம் இளக ஆரம்பித்தது. கார் வலது பக்கமாகச் சாய்ந்து, தார் ரோட்டில் 'பச்சக் பச்சக்' என்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அதோடு ஒரு வாடை. முதலில் லேசாக. பிறகு, கள்ளுக்கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. செல்லாயி பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தினால் எனக்குப் பயம்.

"ஊது" என்றாள்.

"என்னது?"

"என் மூஞ்சிக்கு நேரா ஊதுன்னேன். பதினோரு வருசம் சும்மா இருந்துட்டு, மாப்பிள்ளை வீடு பாக்கப் போற அன்னைக்குத்தானா உனக்குத் தொண்டை காஞ்சுது?"

நடுரோட்டில் காரை நிறுத்தி, அறுபது வயது ஆள் பெண்டாட்டி முகத்தில் ஊதினேன். ஒருமுறை ஊதினது போதவில்லை. மூன்றுமுறை ஊதினேன். "வாய்ல இல்ல" என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா எங்கயோ இருக்கு" என்றாள். மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள், என் வேட்டி மடிப்பை உதறினாள், காளைகளின் வாயைக்கூட முகர்ந்தாள். சக்கரத்தை யார் முகர்ந்து பார்ப்பார்கள்? இதற்குள் ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு எதிரே வந்த ஒரு ஆள், திரும்பி எங்கள் பின்னாலேயே இரண்டு மைல் வந்தான். "அண்ணே, எங்க இறக்கப் போறீங்க?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை தம்பி என்று சொன்னால் நம்பவில்லை. "எனக்கு மட்டும் சொல்லுங்கண்ணே, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான்.

சுங்கை பட்டாணிப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் காவல். இறங்கிக் குனிந்து வணங்காமல் போக முடியாது என்பது தாங்கள் அறிந்ததே. நான் இறங்கி நன்றாகக் குனிந்தேன். செல்லாயியால் இறங்க முடியவில்லை, கயிற்றை விட்டால் கதவு போய்விடும். சிப்பாய் கத்தினான். துப்பாக்கி முனையைக் காருக்கு நேரே நீட்டினான். அந்தச் சமயம் பார்த்து வலது சக்கரம் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. கார் மொத்தமும் மெதுவாகச் சிப்பாய் பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. நுகத்தடி இழுத்ததில் காளைகள் இரண்டும் தலையைத் தாழ்த்தின. சிப்பாய் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனும் லேசாகத் தலையை ஆட்டினான். பக்கத்தில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாகுஸ், பாகுஸ்! உன் கெரேத்தாவுக்கு நல்ல மரியாதை தெரியுது. ஜாலான், ஜாலான்!" என்று விரட்டிவிட்டார். குறையோடு செய்த காருக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரே இடத்தில்தான்.

அன்றைக்குச் சுங்கை பட்டாணிக் கோயில் மண்டபத்தில் தங்கி, வெள்ளிக்கிழமை ஜப்பான் மணிக்குப் பதினொன்று, நம்முடைய பழைய மணிக்கு ஒன்பதரைக்கு உங்கள் வாசலை அடைந்தோம். அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஆனாலும் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேனா இல்லையா என்று தாங்களே திரும்ப நினைத்துப் பார்ப்பதற்காக, ஒவ்வொரு வார்த்தையாக எழுதச் சொல்கிறேன். கார் உங்கள் வாசல் மணலில் புதைந்து நின்றது. தம்பி பரஞ்சோதி வந்து, சக்கரத்தடியில் கருவாட்டுப் பலகை இரண்டைச் செருகி, தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டான். அந்த வாடைக்கு அவன் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அந்தத் தோளுக்காகவே அவன் எனக்கு மருமகனாக வர வேண்டும். தாங்கள் "வாங்க வாங்க" என்று பாய் போட்டீர்கள். துண்டால் மூக்கைத் துடைத்தீர்கள். வாடை எட்டிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தபடியே தாங்கள் நேராக விஷயத்துக்கு வந்தீர்கள்.

"எல்லாம் இருக்கட்டும். உங்களுக்குக் குடி எப்படி?" என்று கேட்டீர்கள்.

"குடியா? பதினோரு வருசமாக் கிடையாதுங்க" என்றேன்.

"கிடையாதா? ஒண்ணுகூடவா?"

"துளிகூட இல்லீங்க. மாரியாத்தா முன்னால சூடத்தை அணைச்சுத் தலைமுழுகிட்டேன்."

"தலைமுழுகிட்டீங்களா! உங்க அப்பாருக்கு?"

"அவரு சாகிறவரைக்கும் வச்சிருந்தாருங்க. அதனாலதான் சொத்தெல்லாம் போச்சு. எனக்குத்தான் அப்புறம் புத்தி வந்துது."

"உங்க மூத்த மகன் மெர்கோங்கில இருக்காராமே. அவராவது?"

"நடுவுல கொஞ்ச நாள் சேந்தான். தகவல் தெரிஞ்சதும் போய் நாலு அறை விட்டேன். இப்ப அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கறதில்ல."

இதில் ஏதாவது பொய் உண்டா? ஆங்கிரச வருடம் ஆடிப்பூரத்தன்று விட்டேன், இன்றுவரை தொடவில்லை. தோட்டமே சாட்சி. ஆனால் நான் சொல்லச் சொல்ல உங்கள் முகம் கறுத்துக்கொண்டே போனது. உள்ளேயிருந்து வீட்டு அம்மா "அட பாவமே!" என்றது செல்லாயி காதில் விழுந்திருக்கிறது. தாங்கள் "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றீர்கள். கடுங்காப்பி கொடுத்தீர்கள். நாங்கள் வைத்த தட்டு, வெற்றிலை வாடாமல் அப்படியே காருக்குத் திரும்பி வந்தது. ஊர் வந்து சேருகிறவரை செல்லாயி கதவுக் கயிற்றை விடவில்லை. வீட்டில் குணவதி தட்டைப் பார்த்தாள், வெற்றிலையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். இன்னும் நனைத்து நனைத்து வைக்கிறாள்.

என் புத்திக்கு எட்டினது இதுதான். வாய் நிறையச் சத்தியம் பண்ணுகிற ஆள், உடம்பு நிறையக் கள் வாடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். எந்தக் கண்டிப்பான மனிதர் நம்புவார்? நானாக இருந்தாலும் கடுங்காப்பிதான் கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை காரை நேராகப் பக்கிரிசாமி பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவுக் கயிற்றைக் காட்டினேன், சாய்ந்த சாய்ப்பைக் காட்டினேன். "புதுக் கார்னா அப்படித்தான்ணே, ஓட ஓட சரியாகும்" என்றான். கூட வந்த செல்லாயி அவன் பிடரியைப் பிடித்து வலது சக்கரத்தில் மூக்கு படும்படி அமுக்கினாள்.

"இது என்னடா வாடை?"

"அக்கா, விடுங்கக்கா, சொல்லிடறேன்! பாலை உறையவைக்கத் திராவகம் ஒரு சக்கரத்துக்குத்தான் இருந்துச்சு. இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்? ஜப்பான்காரன்கிட்டயா போய்க் கேக்கிறது? புளிச்ச கள்ளு ஒரு பானை கிடந்துச்சு, ஊத்தினேன். பால் உறைஞ்சுதா இல்லியா?"

"உறைஞ்சது பாலுடா. நாறினது எங்க மானம்!"

"அப்படின்னா ஒண்ணு செய்யறேன்க்கா. இடது சக்கரத்தையும் கழட்டிக் கள்ளுலயே செஞ்சு தந்துடறேன். அப்பக் கார் சாயாதுல்ல?"

பாருங்கள், இவன்தான் எனக்கு வாய்த்த தொழிலாளி. செல்லாயி விளக்குமாறு தேடினாள். அது கிடைப்பதற்குள் அவன் கோயிலுக்கே வந்து, மாரியம்மன் முன்னால் சூடம் ஏற்றி, வாடை சக்கரத்தினுடையதுதான், அம்மாசி அண்ணனுடையது அல்ல என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டான். சொன்னால் மட்டும் போதாது என்று வலது சக்கரத்தில் ஒரு கைப்பிடித் துண்டை நானே பால் கத்தியால் வெட்டி எடுத்தேன். அதைத் தேக்கிலையில் சுற்றி, மீரா சாகிபு கையில் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். தாங்கள் தயவுசெய்து துண்டை வெயிலில் ஒரு நாழிகை வைத்து, பிறகு மூக்குக்கு அருகே கொண்டுபோய் நன்றாக இழுத்து முகரவும். வெள்ளிக்கிழமை அடித்தது இந்த வாடைதானா என்று வீட்டு அம்மாவையும் முகரச் சொல்லவும். வெட்டினதில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்து, சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதடவை 'தொபுக்' என்கிறது. பரவாயில்லை. என் மகள் கல்யாணத்துக்காக முழுச் சக்கரத்தையும் வெட்டிக்கூட அனுப்புவேன்.

வேறு விசேஷம் இல்லை. கார் ஒரு பக்கம் குறையோடு இருந்தாலும், மெத்தை உண்மையிலேயே நல்ல மெத்தை. செல்லாயி மத்தியானத்தில் அதில்தான் படுத்துத் தூங்குகிறாள். மரவள்ளி நன்றாக இறங்கியிருக்கிறது. தங்கள் வலையில் மீனும், பலகையில் வெயிலும், வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். தம்பி பரஞ்சோதிக்கு எங்கள் ஆசீர்வாதம். குணவதி, வாத்தியார் எழுதி முடிக்கிறவரை கதவுப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

இப்படிக்கு,
அம்மாசி
(இடது கட்டைவிரல். வலது கட்டைவிரலில் சக்கர வாடை இருப்பதால் வைக்கவில்லை.)

பின்குறிப்பு: கடிதத்தை வாங்கிப் போக மீரா சாகிபு வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வாத்தியாரை ஒருதடவை உரக்கப் படிக்கச் சொன்னேன். உங்கள் வாசலில் நடந்த பேச்சு வந்ததும் மீரா சாகிபு தலையில் அடித்துக்கொண்டு கார் மெத்தையில் விழுந்துவிட்டார். "அட அம்மாசி அண்ணே! அவரு கேட்டது அந்தக் குடி இல்லண்ணே! அவங்க சீமையில குடின்னா பங்காளி வகையறா. உங்களுக்குச் சொந்தக்காரங்க எத்தனை வீடுன்னு மனுசன் மரியாதையாக் கேட்டிருக்காரு. நீங்க என்னடான்னா, சொந்தத்தையெல்லாம் தலைமுழுகிட்டேன், சொத்து போனதே அவங்களாலதான், மகன் சொந்தத்தோட சேந்தா அறைவேன்னு வரிசையாச் சொல்லியிருக்கீங்க. இப்படிப்பட்ட வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?" என்றார். சரி, வாடையாவது இருந்ததே என்றேன். "என்ன வாடை? முப்பது வருசம் கருவாட்டுக்கு நடுவுல உக்காந்து அவரு மூக்கு என்னைக்கோ செத்துப்போச்சு. சளிக்குத்தான்ணே துடைச்சிருப்பாரு" என்கிறார். சக்கரத் துண்டையும் எடுத்துப்போக மாட்டேன் என்கிறார். வெட்டினது வெட்டினதுதான். வேறு கடிதம் எழுதலாம் என்றால் காகிதம் இல்லை, இதுவே தோட்டத்துப் பழைய பேர்ப்பதிவுத் தாளின் பின்பக்கம். ஆகவே தாங்கள் மேலே உள்ளது அனைத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் படிக்கவும். எங்களுக்குக் குடி உண்டு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து விடாமல் உண்டு. மெர்கோங்கில் மூன்று வீடு, குருணில் ஐந்து வீடு, லயத்தில் கேட்கவே வேண்டாம். யாரையும் தலைமுழுகவில்லை, மகனை அறைந்தது வேறு விஷயம். செல்லாயி வெற்றிலையை எடுத்துத் தட்டில் வைத்தாயிற்று. வரும் வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் குடியோடு வருகிறோம்.